அப்பா செய்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டாவது சேனல்

அக்காவின் மகன் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மே மாதத்துத் தொடக்கம். மழை இன்னும் பிடிக்கவில்லை. ரங்கூனில் எங்கள் தெருவில் லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்றுகூட இல்லை. தேக்குப் பெட்டி, இரும்புச் சேஸிஸ், பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், இரண்டு டிரான்ஸ்பார்மர் எல்லாம் சேர்த்து எப்படியும் இருபது கிலோ இருக்கும். கீழே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் சொன்னான்: "மாமா, தாத்தா ஆம்ப்ளிஃபயருக்கு இன்னொரு சேனல் வேண்டும்."

சேனல் என்றால் ஒலி பெருகிப் போகும் தனிப் பாதை. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சபையில் கீர்த்தனைகளுக்குக் கிட்டார் வாசிக்கிறான். அங்கே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆர்மோனியத்தின் மேல் ஏறக் கூடாது, பாடுகிறவர்களை மறைக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு பர்மிய நண்பர்களோடு கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறான். அங்கே கேட்கப்படுவது வேறு. அயர்ன் கிராஸ் ராக் குழுவின் சிட் சான் மௌங் கிட்டாரில் இழுக்கும் நீண்ட, உறுமும் சுரங்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. சாயங்காலத்தில் ஒரு கிட்டாரைச் சுற்றி நாலு பையன்கள் உட்கார்ந்திராத தெருமுனை ரங்கூனில் அபூர்வம். அந்தப் பையன்கள் எல்லோருக்கும் அந்த உறுமல் மனப்பாடம்.

டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை வாங்கிக் காலடியில் வைத்தால் போதாதா? அவனிடம் ஒன்று இருக்கிறது. மிதித்தால் உறுமுகிறது, மெதுவாக மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் ஒரே உறுமல். தாத்தாவின் ஆம்ப்ளிஃபயரில் ஒலியைப் பெருக்கும் வால்வு, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய், அப்படி நடந்துகொள்ளாது. சமிக்ஞை நுழையும் முனையான கிரிட் தாங்குவதைவிடச் சற்று அதிகமாகக் கொடுத்தால் அலையின் முனைகள் மெல்ல மழுங்கத் தொடங்கும். இன்னும் கொடுத்தால் இன்னும் மழுங்கும். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் ஒலி மறுபடி தெளிந்துவிடும். எவ்வளவு உறும வேண்டும் என்பதை வாசிக்கிறவனின் விரல் தீர்மானிக்கிறது. ஒருமுறை அதில் வாசித்துப் பழகிய கைக்கு வேறு எதுவும் திருப்தி தராது.

சிறிய ஆம்ப்ளிஃபயருக்குள் கூடுதல் வால்வைப் புகுத்தும் வேலை புதியதல்ல. 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ராண்டல் ஸ்மித், ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து, பெரிய ஆம்ப்ளிஃபயரின் சுற்றையும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரையும் அவற்றுக்குள் அடைத்தார். மெசா பூகி அப்படித்தான் தொடங்கியது. முன்பகுதியில் ஒரு பெருக்கத்தின் பின்னால் இன்னொரு பெருக்கத்தை வரிசையாக வைத்து, ஸ்பீக்கரை அலறவிடாமலே உறுமலை வரவழைக்கும் முறை பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நானும் அந்த வழியில்தான் போக நினைத்தேன். ஆனால் என் முன்னால் இருந்தது கடையில் வாங்கிய பெட்டி அல்ல.

அப்பாவுக்கு 1964இல் பதினாறு வயது. ஒரு தமிழரின் ரேடியோக் கடையில் எடுபிடியாக இருந்தார். அந்த ஆண்டு கடைகள் அரசுடைமையாயின. முதலாளி குடும்பத்தோடு சென்னைக்குக் கப்பலேறினார். புறப்படுவதற்கு முதல் நாள், வீட்டில் வைத்திருந்த வால்வுப் பெட்டி ஒன்றை அப்பாவிடம் கொடுத்து, "வைத்துக்கொள், சோறு போடும்" என்றாராம். போட்டது. பழுது பார்த்தே எங்களை வளர்த்தார் அப்பா. அந்தப் பெட்டியிலிருந்து ஸ்பீக்கரை ஓட்டும் 6வி6 வால்வுகள் இரண்டையும் முன்பகுதியில் பெருக்கும் ஈசிசி83 வால்வுகள் இரண்டையும் எடுத்து, பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து டிரான்ஸ்பார்மர்களைக் கழற்றி, 1978இல் சித்தப்பா சபையில் வாசிப்பதற்காக இந்த ஆம்ப்ளிஃபயரைச் செய்தார். எனக்கு அப்போது மூன்று வயது. பின்மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதத்தை ஒட்டி முழுச் சுற்றையும் பென்சிலால் வரைந்திருக்கிறார். எழுத்தெல்லாம் தமிழ். எர்த்துக்குப் 'பூமி' என்று போட்டிருக்கிறார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பிரதான கண்டன்சருக்குப் பக்கத்தில் 'கை வைக்காதே' என்று இருமுறை அடிக்கோடு இட்டிருக்கிறார்.

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவர் குரல் எங்கும் பதிவாகவில்லை. அவர் செய்த ஒலி இந்தப் பெட்டியில் இருக்கிறது. அதனால் வேலை தொடங்குமுன் எனக்கு நானே ஒரு விதி போட்டுக்கொண்டேன்: முதல் சேனலில் ஒரு ரெசிஸ்டரைக்கூட மாற்றக் கூடாது. இரண்டாவது சேனல் பக்கத்தில் வந்து உட்காரலாம். முதலாவதை இடம் பெயர்க்கக் கூடாது. மருமகனைப் பாதி வால்யூமிலும் முழு வால்யூமிலும் அரைமணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைத்தேன். பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

சுற்று எளிமையானது. ஒவ்வொரு ஈசிசி83இன் உள்ளேயும் தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பாதிகள் உண்டு. கிட்டாரின் சமிக்ஞை முதல் ஈசிசி83இன் ஒரு பாதிக்குள் போய்ப் பெருகுகிறது. அங்கிருந்து 0.02 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் வழியாக வால்யூமுக்கும் டோனுக்கும் வந்து, அதே வால்வின் மறுபாதியில் மீண்டும் பெருகுகிறது. இரண்டாவது ஈசிசி83 அதை எதிரெதிர் அலைகளாகப் பிரித்து இரண்டு 6வி6களுக்குக் கொடுக்கிறது. எங்கே கிளை பிரிப்பது என்பதுதான் முதல் கேள்வி. உள்ளீட்டிலேயே பிரித்தால் இரண்டு சேனலும் முழுக்கத் தனித்தனியாகிவிடும். ஆனால் இரண்டு வால்வு கூடுதலாக வேண்டும், சேஸிஸில் அதற்கு இடமில்லை. ஆகவே முதல் பாதியைப் பொதுவாக வைத்தேன். பெருகிய அலை வெளிவரும் அதன் பிளேட் முனையிலிருந்து புதிய கண்டன்சர் ஒன்றின் வழியாக ஒரு கிளை புறப்பட்டு, புதிதாக வைக்கும் ஈசிசி83இன் இரண்டு பாதிகளையும் கடந்து, பழைய வால்வின் மறுபாதி வாசலில் வந்து நிற்கும். அந்த வாசலில் ஒரு ரிலே, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். கால் சுவிட்சை மிதித்தால் வாசல் ஒரு பாதைக்குத் திறக்கும், மறுபடி மிதித்தால் மற்றதற்கு.

மின்சாரக் கணக்கை முதலில் முடித்தேன். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு, 6வி6 ஒன்றில் 0.45 ஆம்பியர், ஈசிசி83 ஒன்றுக்கு 6.3 வோல்ட்டில் 0.3 ஆம்பியர். இதுவரை மொத்தம் 1.5 ஆம்பியர் கொடுத்த டிரான்ஸ்பார்மர் சுருள் இனி 1.8 கொடுக்க வேண்டும். அப்பா போட்டிருந்த டிரான்ஸ்பார்மர் தடித்த கம்பி சுற்றியது. ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. உயர் மின்னழுத்தத்தில் புதிய வால்வுக்கு இரண்டு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே தேவை. ஆனால் அதை எங்கிருந்து எடுப்பது என்பது முக்கியம். முதல் சேனலுக்குப் போகும் வரிசையிலேயே கொக்கி போட்டால் அங்கே மின்னழுத்தம் இறங்கி, அப்பாவின் வால்வுகளின் நடத்தை மாறிவிடும். பிரதான கண்டன்சரிலிருந்தே, 330 வோல்ட்டிலிருந்து, 39 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரும் போட்டுத் தனி வரிசை இழுத்தேன். புதிய வால்வுக்கு 260 வோல்ட் அளவில் கிடைத்தது. பழைய வரிசை அசையவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெயின் வயரைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பிரதான கண்டன்சரில் 330 வோல்ட் வரை தங்கியிருக்கக்கூடும். ஆளைக் கொல்ல அது போதும். அப்பா இருமுறை அடிக்கோடு இட்டது சும்மா அல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தடித்த ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் விரல் வைக்க வேண்டும். மின்சாரம் ஓடும்போது அளக்க நேர்ந்தால் இடது கை சட்டைப்பையில் இருக்க வேண்டும். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரும்பில் 22 மில்லிமீட்டர் துளை போட இரண்டு மாலைகள் போயின. வட்டமாகச் சிறு துளைகள் போட்டு, நடுவைத் தட்டி எடுத்து, அரத்தால் ராவினேன். மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் தெருவில் எல்லா மாடிகளிலிருந்தும் கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே நிற்பவர் கயிற்றை இழுத்தால் மணி அடிக்கும். நூடுல்ஸ் பொட்டலமோ மின்கட்டண ரசீதோ கிளிப்பில் மாட்டப்பட்டு மேலே ஏறும். ரிலேயும் ரெசிஸ்டர்களும் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் அப்படித்தான் வந்தன.

முதல் நாள் ஒலி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா போட்டிருந்த அதே 0.02 மைக்ரோ ஃபாரட் அளவைக் கிளைக்கும் போட்டிருந்தேன். தெளிவான ஒலிக்கு அது சரி. உறுமலில், தடித்த தந்தியைத் தொட்டதும் தொப்பி தளர்ந்த தவில் போல மொத்தமும் கொழகொழத்துப் போனது. அடிச் சுரங்களுக்கு ஆற்றல் அதிகம். அவை முதலில் போய் வால்வை நிரப்பிவிட்டால் மற்றதற்கு இடமிருக்காது. 0.0022க்கு இறக்கினேன். உறுமுவதற்கு முன்னால் அடியைக் குறை, உறுமிய பிறகு உச்சியைக் குறை: இந்த வேலையில் காது திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதைக் கேத்தோடு முனையில் போடும் ரெசிஸ்டர் தீர்மானிக்கும். புதிய வால்வின் முதல் பாதிக்குக் கேத்தோடில் 10 கிலோ ஓம் போட்டுப் பார்த்தேன். மார்ஷல் நிறுவனத்தின் 2203 ஆம்ப்ளிஃபயரில் அப்படித்தான் இருக்கும். வால்வு குளிர்ந்த நிலையில், அதாவது குறைந்த மின்னோட்டத்தில், நின்று அலையின் ஒரு பக்கத்தைச் சட்டென்று வெட்டும். பெரிய மேடையில் நாலு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் அது கம்பீரமாக இருக்கலாம். இந்தத் தேக்குப் பெட்டியில் அது கரடாக, முள்ளாகக் கேட்டது. 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோ ஃபாரடுமாக மாற்றியதும் இளகியது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையே 470 கிலோ ஓம் இரண்டை வைத்துச் சமிக்ஞையைப் பாதியாக்கினேன். கடைசியில் இன்னொரு 470, அதன் பின் 100 கிலோ ஓம் மாஸ்டர் வால்யூம், அதற்குக் குறுக்கே 470 பிக்கோ ஃபாரட். அந்தச் சின்னக் கண்டன்சர்தான் ஈ மொய்ப்பது போன்ற மேல் இரைச்சலைத் துடைத்தது.

அடுத்து ஊளை. புதிய சேனலின் பெருக்கத்தைக் கூட்டும் கெய்ன் குமிழ் பத்தில் ஏழைத் தாண்டினால், கிட்டாரைத் தொடாமலே, விசில் போல ஒரு கூரிய ஒலி. நாய்கூடக் காதைத் தொங்கப்போடும். கோளாறு வயர்கள் ஓடும் பாதையில் இருக்கும் என்று தெரியும். எந்த வயர் என்று தெரிய வேண்டும். மீட்டரால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கீழே நூடுல்ஸ் கடையில் தரும் மரக்குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டேன். காய்ந்த மரத்தில் மின்சாரம் பாயாது, நீளமாகவும் இருக்கிறது. இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு, ஊளையிட்டுக்கொண்டிருக்கும் சேஸிஸுக்குள் குச்சி நுனியால் ஒவ்வொரு வயராகத் தள்ளிப் பார்த்தேன். பச்சை வயர், மாற்றமில்லை. ஹீட்டர் முறுக்கு, மாற்றமில்லை. புதிய வால்வின் இரண்டாம் பாதிப் பிளேட்டிலிருந்து வரும் சிவப்பு வயரை அரை விரல்கடை நகர்த்தியதும் ஊளையின் சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போயிற்று. குச்சியை எடுத்தால் பழைய சுருதிக்கே இறங்கியது. மறுபடி தள்ளினேன், ஏறியது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன், நின்றுவிட்டது. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

காரணம் எளிது. வால்வின் ஒவ்வொரு பெருக்கமும் அலையைத் தலைகீழாக்கும். இரண்டு பெருக்கம் கடந்தால் தலைகீழின் தலைகீழ், அதாவது நுழைந்த அதே திசை. அந்தச் சிவப்பு வயர் கெய்ன் குமிழுக்குப் போகும் வயரோடு நாலு அங்குலம் ஒட்டியே ஓடியிருந்தது. பெருகிய அலை காற்றின் வழியே கசிந்து, தான் புறப்பட்ட இடத்திலேயே, அதே திசையில் சேர்ந்து, மறுபடி பெருகியிருக்கிறது. சிவப்பு வயரைச் சேஸிஸின் மறுகோடிக்கு மாற்றினேன். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர்கோணத்தில் தாண்டவிட்டேன். கெய்ன் குமிழிலிருந்து வரும் வயருக்குக் கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். கிரிட்டுக்கு முன்னால் ஒரு 68 கிலோ ஓமை வால்வு சாக்கெட்டின் காதிலேயே பற்றவைத்தேன். இப்போது கெய்ன் முழுக்கத் திருப்பினாலும் மூச்சுச் சத்தம்போல ஒரு 'ஸ்ஸ்' தவிர எதுவுமில்லை.

தெளிவான சேனலில் வாசிக்கும்போது உறுமலின் நிழல் பின்னால் மெல்லக் கேட்டது. இதுவும் கசிவுதான். ரிலேயில் இரண்டு ஜோடித் தொடுமுனைகள் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒன்று வாசலைத் திறக்கிறது. மற்றதை, தெளிவான சேனல் ஓடும்போது புதிய வால்வின் இரண்டாம் கிரிட்டை எர்த் செய்யும்படி கட்டினேன். நிழல் போய்விட்டது.

ரிலேக்கு மின்சாரம் கொடுத்ததில் ஒரு தவறு செய்தேன். இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். 6.3 வோல்ட் ஹீட்டர் சுருளிலிருந்தே நாலு டயோடு வைத்து நேர்மின்சாரம் எடுத்தேன். அந்தச் சுருளின் நடுமுனை, ரீங்காரம் வராமலிருக்க, ஏற்கெனவே எர்த் செய்யப்பட்டிருக்கிறது. அப்படியிருக்கும்போது டயோடுகளின் எதிர்முனையை எர்த் செய்யவே கூடாது. செய்தால் பாதிச் சுருள் ஒரு டயோடின் வழியே குறுக்குப் பாய்ச்சலாகிவிடும். இது எனக்குத் தெரியும். எர்த் செய்யவில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் கால் சுவிட்சின் வயரைச் சொருகும் ஜாக் உலோக ஜாக். அதன் கழுத்து சேஸிஸைத் தொட்டுக்கொண்டிருந்தது. சேஸிஸ்தான் எர்த். சுவிட்சைச் சொருகிய மூன்றாவது நொடியில் கருகிய வாசனை. 1என்4007 டயோடுகள் இரண்டு வெடித்திருந்தன. உடனே அணைத்ததால் அப்பாவின் டிரான்ஸ்பார்மர் பிழைத்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டயோடு எங்கும் கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்திருந்தால் அதற்கு ஈடாக நான் எதை வைத்திருக்க முடியும்? மறுநாள் பிளாஸ்டிக் உடல் கொண்ட ஜாக் வாங்கினேன். ரிலேச் சுற்று சேஸிஸை எங்கும் தொடவில்லை என்று மீட்டரால் மூன்று முறை பார்த்த பிறகே சுவிட்சைப் போட்டேன்.

ரங்கூனில் வேறொரு சோதனையும் உண்டு. 230 வோல்ட் என்று புத்தகத்தில் இருக்கும். வெயில் காலத்துச் சாயங்காலத்தில் எங்கள் மாடியில் 180 வருவதே பெரிது. ஸ்டெபிலைசர் இல்லாமல் யாரும் குளிர்பெட்டி வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கல்யாண மண்டபத்தில், சில சமயம் ஜெனரேட்டரில், எந்த மின்சாரம் வரும் என்று யாருக்குத் தெரியும்? ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டுச் சோதித்தேன். வால்வுகள் சோர்ந்தாலும் பாடின. ரிலே மட்டும் மிதித்தால் ஒருமுறை இழுத்தது, ஒருமுறை இழுக்கவில்லை. 230இல் டயோடுகளுக்குப் பின் ஏழரை வோல்ட் கிடைக்கிறது, 180இல் ஐந்தரைதான். மின்னழுத்தத்தை நிலையாக வைக்க நான் போட்டிருந்த 7805 ரெகுலேட்டருக்கு, வெளியே 5 வோல்ட் தர உள்ளே சுமார் 7 வேண்டும். அது தனக்கென்று எடுத்துக்கொண்டது போக ரிலேக்குப் போய்ச் சேர்ந்தது மூன்றரைக்குச் சற்று மேல். பழைய கார் ஸ்டீரியோ பலகை ஒன்றில் அதே வேலை செய்யும் எல்எம்2940 கிடைத்தது. அரை வோல்ட்கூட எடுத்துக்கொள்ளாத சிக்கனக்காரர். வெளிமுனையில் 22 மைக்ரோ ஃபாரட் வைத்தால்தான் ஒழுங்காக நிற்பார், வைத்தேன். அதன் பிறகு 180இலும் ரிலே ஒரே சத்தமாக 'டிக்' என்று விழுந்தது.

இனி எல்லாம் முடிந்தது என்றுதான் மருமகனைக் கூப்பிட்டேன். வந்தான், வாசித்தான், மிதித்தான். 'டொம்' என்று ஸ்பீக்கர் காகிதமே முன்னால் வந்துவிடும்போல ஓர் அடி. ஆராதனையில் ஜெபத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் இப்படி அடித்தால் பெரியவர்கள் துள்ளி எழுந்துவிடுவார்கள்.

டொம் என்றால் நேர்மின்னழுத்தம் எங்கோ கசிந்து நிற்கிறது என்று பொருள். ரிலேயின் ஒரு பக்கம் பூஜ்யமும் மறுபக்கம் ஏதோ ஒரு வோல்ட்டும் இருந்தால், தாவும்போது அந்த வித்தியாசம் முழுதும் அடியாகக் கேட்கும். புதிய சேனல் பக்கம் அளந்தேன்: பூஜ்யம். அப்பாவின் பக்கம் அளந்தேன். வால்யூம் முழுக்கத் திறந்திருக்கும்போது 0.9 வோல்ட்.

மீட்டரைப் பார்த்துக்கொண்டே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வரும். தூசி என்றே எல்லோரும் சொல்வோம். நானே எத்தனை முறை மருந்து அடித்துத் துடைத்திருக்கிறேன். தூசி அல்ல. குமிழின் மேல் நேர்மின்சாரம் நின்றால் அது கரகரக்கும். அப்பா 1978இல் போட்ட 0.02 காகிதக் கண்டன்சர் ரங்கூன் மழையில் ஈரம் குடித்துக் குடித்து, தடுக்க வேண்டிய பிளேட் மின்சாரத்தை வருடக்கணக்காகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

மாற்ற வேண்டும். ஆனால் முதல் சேனலைத் தொடுவதில்லை என்று விதி போட்டிருந்தேனே. இரண்டு நாள் வேலை செய்யவில்லை. ரிலேக்கு முன்னால் இன்னொரு கண்டன்சரை வைத்துக் கசிவை அங்கேயே நிறுத்திவிடலாமா என்றும் யோசித்தேன்; அப்படிச் செய்தாலும் கசிவு அடுத்த கிரிட்டுக்குப் போகாது, ஒலி எப்படியும் மாறிவிடும். ஏனென்றால் அந்த 0.9 வோல்ட் வால்வின் மறுபாதியைச் சும்மா விட்டுவைக்கவில்லை. அதன் பிளேட்டில் 138 வோல்ட் இருந்தது. கண்டன்சரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தேன்: 167. கசிவு அந்த வால்வை இருக்க வேண்டியதைவிடச் சூடாக, அதாவது அதிக மின்னோட்டத்தில், ஓட்டியிருக்கிறது. முழு வால்யூமில் ஓங்கி மீட்டும்போது ஒலி சீக்கிரம் தடித்து, லேசாக அமுங்கி, தொண்டை கட்டியது போல வருமே, அதைத்தான் நான் அப்பாவின் ஒலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பங்கு கண்டன்சரின் முதுமை.

புதிய ஃபிலிம் கண்டன்சர், அதே 0.02, 630 வோல்ட் தாங்கும் வகை, போட்டேன். டொம் போயிற்று, காதை ஸ்பீக்கரில் வைத்தால் மட்டும் ஒரு சிறு தட்டல். வால்யூம் குமிழ் எண்ணெய் போட்ட கீல்போலச் சத்தமில்லாமல் திரும்பியது. முதல் சேனல் மாறித்தான் போயிருந்தது. பாதி வால்யூமில் வித்தியாசம் குறைவு. முழு வால்யூமில், பழைய பதிவில் தடித்து அமுங்கிய இடத்தில் இப்போது ஒலி திறந்து, இன்னும் கொஞ்ச தூரம் தெளிவாகவே போய், பிறகுதான் திரண்டது.

கேத்தோடு ரெசிஸ்டரைக் குறைத்தால் வால்வு மறுபடி சூடாக ஓடும். பழைய ஒலிக்கு அருகில் கொண்டுபோகலாம். 1.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே இன்னொன்றைப் பிடித்துக் கேட்டும் பார்த்தேன். அருகில் வந்தது. ஆனால் மூடியில் ஒட்டிய காகிதத்தில் அந்த இடத்தில் அப்பா கையால் '1.5' என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் பிளேட் மின்னழுத்தம், '165'. 1978இல் அவர் அளந்து எழுதியது. என் மீட்டர் இப்போது 167 காட்டுகிறது. கூடுதல் ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன்.

அக்காவிடம் கேட்டேன். அந்த ஆண்டு அவளுக்குப் பத்து வயது. அப்பா முதல் முறை சுவிட்சைப் போட்டபோது பக்கத்தில் இருந்தவள். ஒலி இப்படித்தான் இருந்ததா? வெகுநேரம் யோசித்தாள். ஒலி நினைவில்லை என்றாள். தேக்கில் அடித்த வார்னிஷ் வாசனையும், சித்தப்பா வாசித்து முடித்ததும் அப்பா யாரையும் பார்க்காமல் மூடியைத் திருகிக்கொண்டிருந்ததும்தான் நினைவிருக்கிறது என்றாள்.

அப்பாவின் வரைபடத்துக்குக் கீழே இன்னொரு காகிதம் ஒட்டி இரண்டாவது சேனலை வரைந்தேன். எர்த்துக்கு நானும் 'பூமி' என்றே எழுதினேன். கால் சுவிட்ச் ஜாக்குக்குப் பக்கத்தில் 'சேஸிஸைத் தொடக் கூடாது' என்று எழுதி இருமுறை அடிக்கோடு இட்டேன். பழைய காகிதக் கண்டன்சரை நூலால் கட்டி மூடியின் உள்ளேயே தொங்கவிட்டிருக்கிறேன். அது எங்கே இருந்தது, எத்தனை வோல்ட் கசிந்தது என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் மருமகன் வந்து எடுத்துப் போனான். மழை பிடித்துவிட்டிருந்தது, பெட்டியைப் பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கீழே வைத்து வைத்து இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. எட்டிப் பார்த்தால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நிற்கிறான். "மாமா, கால் சுவிட்ச்!" அது மேசையிலேயே இருந்தது. வயரைச் சுருட்டி, ஒரு பையில் போட்டு, கிளிப்பில் மாட்டி, மழையில் மெல்ல இறக்கினேன்.